கரண்டைத் தீர்க்கப் புறப்பட்ட இத்ரூஸ்

உக்குவளையில் ரயில் கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் தகரம் போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. அதன் முதலாளி, தொழிலாளி, காவலாளி எல்லாம் இத்ரூஸ்தான். வயது நாற்பத்திரண்டு. வாகனங்களுக்கு வயர் வேலை பார்ப்பது தொழில். ஹோர்ன் அடிக்காத வண்டியை அடிக்க வைப்பார். அடித்துக்கொண்டே இருக்கும் வண்டியை வாய்மூட வைப்பார். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான் என்பதால், நீதிமான் என்றும் ஊரில் பெயர்.

நாடு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்த அந்த ஆண்டில்தான் அவருக்கு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் ஆசை பிடித்தது. ஹைபிரிட் கார்களிலிருந்து கழற்றி எறிந்த பெட்டரிகளைத் தேடித்தேடி வாங்கினார். அவருடைய கொள்கை எளிமையானது: ஒரு பெட்டரி முழுசாகச் சாவதில்லை, அதில் ஒன்றிரண்டு துண்டுகள்தான் செத்திருக்கும், மற்றவை துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கும். நல்ல துண்டுகளைப் பிரித்தெடுத்து, வரிசையாகக் கோர்த்து, வீட்டு முன் அறையில் சோபா இருந்த இடத்தில் அடுக்கினார். சோபா வெளியே போனது. ஒழுங்கைச் சனம் முழுவதும் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாற்பத்தேழு போன்கள் அந்த வீட்டில் சார்ஜ் ஏறின. தேர்தலில் நின்றிருந்தால் அன்றைக்கு வென்றிருப்பார்.

பிறகுதான் வரிசையில் பதினெட்டாவது துண்டு முறைக்கத் தொடங்கியது. மற்ற இருபத்தேழும் திடகாத்திரமாக இருக்க, அது ஒன்று படுத்தால் எல்லாமே படுத்துவிடும். மரண உதவிச் சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் கையெழுத்துப் போட மறுப்பதுபோல என்று இத்ரூஸ் விளக்கினார். அந்த ஒருவர் யார் என்பது ஊருக்குத் தெரியுமாதலால் எல்லோருக்கும் உடனே விளங்கியது. போதாததற்கு, அடுக்கு சூடேறியது. அதைக் குளிர வைக்க ஒரு விசிறி பூட்டினார். விசிறிக்கு வேண்டிய கரண்டை அந்தப் பெட்டரியே கொடுத்தது. மனைவி ஹமீமா இதை ஒரு தடவைதான் சொல்லிக் காட்டினாள். நாளொன்றுக்கு ஒரு தடவை.

அதற்குப் பின்னும் நாடு அவருடைய ஆசைக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு கால் வைத்ததாகவும், அதனால் தீவு முழுவதும் கரண்ட் போனதாகவும் சொன்னார்கள். குரங்கு தன் தரப்பு விளக்கத்தை இதுவரை வெளியிடவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு லீவில் கரண்ட் கூடிப்போய்விட்டது, வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள் என்று அறிவித்தார்கள். இல்லாதபோது அழுகை, இருக்கும்போது வைக்க இடமில்லை. இத்ரூஸ் அந்தச் செய்தியை மூன்று தடவை வாசித்தார். மறுவாரமே, பழசுகளை விற்று, புத்தம்புது லித்தியம் பெட்டரி ஒன்று வாங்கினார். ஆறு யூனிட் கரண்ட் பிடிக்கும். அதைத் தன் பழைய முச்சக்கர வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்து, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி மோட்டார் பூட்டினார். அனுமதிக் கடதாசிகளுக்கு அலைந்தது தனிக் கதை. அதை எழுதினால் இந்தப் பத்திரிகையில் விளம்பரத்துக்கு இடமிருக்காது.

ஹமீமா வீட்டிலிருந்து பள்ளிக்கூட யூனிபோர்ம் தைப்பவள். மெஷின் கரண்டில் ஓடுவது. அவளுக்கும் அந்தப் பெட்டரியின்மேல் ஒரு கண்.

"இங்க பாருங்க, இந்த மாசத்துக்குள்ள வண்டிக்கு நிரந்தரமா ஒரு ஹயர் வரணும். வரல்லன்னா பெட்டரி வீட்டுச் செவத்துக்கு வரும்" என்றாள்.

"அப்ப வண்டி?"

"வாசல்ல வெச்சி பூ நடலாம்."

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. அப்போதுதான் இரத்தோட்டையிலிருந்து அந்தச் சேதி வந்தது.

இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் உச்சிப் பிரிவை மேல்கணக்கு என்பார்கள். அங்கிருந்து நாலு பெண்பிள்ளைகள் இரத்தோட்டைக்குப் படிக்க வருகிறார்கள். ஏற்றிப்போன பெட்ரோல் ஆட்டோக்காரர் கட்டுப்படியாகாது என்று கைவிட்டதிலிருந்து, விடிய முன்னரே மூன்று கிலோமீட்டர் நடந்து பஸ் பிடிக்கிறார்கள். பஸ் நிற்கிற நாளும் உண்டு; கை காட்டிவிட்டுப் போகிற நாளும் உண்டு. மழைக்காலம் வருகிறது. பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதை இரண்டு தாய்மார் தீர்மானிப்பார்கள்: சுந்தரம்மா, ரஜிதா. அவர்கள் சரி என்றால் வண்டி ரோட்டில். இல்லை என்றால் வண்டியில் பூ.

சனிக்கிழமை காலை. சந்தைக்கு வந்த இருவரையும் இரத்தோட்டையில் ஏற்றிக்கொண்டார் இத்ரூஸ். சுந்தரம்மா கொழுந்து எடுப்பவர், நாற்பத்தைந்து வயது, மலிவாகச் சிரிக்காதவர். ரஜிதா பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். சிரிப்பதற்குக் காரணம் தேடாதவள்.

"நானா, வண்டி ஸ்டார்ட் ஆகல்லயே" என்றாள் ரஜிதா.

"ஆகி ரெண்டு நிமிசமாச்சு தங்கச்சி."

அவ்வளவுதான், ரஜிதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சத்தமே இல்லாமல் வண்டி ஏறியது. ஒரு வளைவில் இருமிக்கொண்டிருந்த லொறியை முந்தியபோது இத்ரூஸுக்கு இறங்கி நின்று யாரையாவது கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. உக்குவளையிலிருந்து நிறைத்துக் கொண்டுவந்த பெட்டரி, மாத்தளை தாண்டி, இரத்தோட்டை தாண்டி, மேல்கணக்கு லயத்து வீட்டு வாசலில் நின்றபோது நாற்பத்தொரு வீதம் காட்டியது.

"ஏறுறது நல்லாத்தான் இருக்கு" என்றார் சுந்தரம்மா. "ஆனா புள்ளைங்க காலையில எறங்கித்தானே போகுதுங்க. எறங்குறத பாத்துட்டுத்தான் சொல்லுவோம்."

நியாயம். திரும்பிப் போகக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் நல்லது என்று இத்ரூஸ் கேட்டார். சுந்தரம்மாவின் கணவர் அழகையா இஸ்தோப்புத் திண்ணைக்கு வயரை இழுத்துக் கொடுத்தார்.

"எம்பது வந்தா கழத்திடுங்க அண்ணே. அது போதும்."

"சரிங்க நானா" என்றார் அழகையா.

இங்கேதான் இத்ரூஸ் ஒரு விஷயத்தை மறந்தார். விருந்தாளி போதும் என்று சொன்னால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாததல்ல. அவர் வீட்டிலும் அதே சட்டம்தான். அரை மணியில் அவர் முன்னால் ரொட்டியும் கட்டாச் சம்பலும் வந்தன. போதும் என்றார், இரண்டு ரொட்டி கூடியது. பகல் சோறு வந்தது. ஹலால் இல்லாத கோழியை அவர் சாப்பிட மாட்டார் என்று விசாரித்து அறிந்து, முட்டைக் குழம்பும் பலாக்காய்க் கறியும் வைத்திருந்தார்கள். போதும் என்றார், முட்டை இரண்டானது. ரஜிதா வீட்டு முன் காம்பராவில் பாய் விரித்துக் கொடுத்தார்கள், லுஹர் தொழுதார். வெளியே வந்ததும், பிள்ளைக்காம்பராவில் தண்ணீர் மோட்டார் ஓடாமல் கிடக்கிறது, ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். உக்குவளையிலிருந்து வயர் வேலைக்காரர் ஒருவர் வந்து வயிறு நிறைந்து நிற்கும்போது யார்தான் கேட்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் அதில் போனது. மோட்டார் ஓடியது.

திரும்பி வந்தபோது வயர் சுருட்டப்பட்டிருந்தது. ஹேண்டிலில் ஒரு செவ்வந்திப் பூ. நடுவிலிருந்த மீட்டர்க் கண்ணாடியில் நூறு வீதம்.

"எம்பதுன்னுதானே சொன்னேன் அண்ணே."

"சொன்னீங்க" என்றார் அழகையா. "அதுக்காக கொறையா அனுப்புறதா? நம்ம வாசல்லருந்து யாரும் அப்புடி போனதில்ல."

இத்ரூஸுக்கு உள்ளம் குளிர்ந்துதான் போனது. எண்பது என்று அவர் சொன்னதே பெட்டரிக்கு ஆயுள் கூடும் என்றுதான். ஒரு நாள் நூறு போனால் என்ன வந்துவிடப்போகிறது. உக்குவளைக்காரருக்கு, அதுவும் பள்ளத்தில் பிறந்து பள்ளத்திலேயே சார்ஜ் ஏற்றிப் பழகியவருக்கு, மலை உச்சியில் நிறைந்த பெட்டரியுடன் நிற்பது வாழ்க்கையில் முதல் தடவை. அதில் என்ன கோளாறு என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாவது வளைவு வரைக்கும்.

இந்த வண்டிகளில் ஒரு அழகு உண்டு. இறக்கத்தில் ஹேண்டில் முறுக்கைத் தளர்த்தினால், மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது கரண்ட் உண்டாகி, திரும்பப் பெட்டரிக்குள் போகும். பிரேக்குக்குப் பாதி வேலைதான். இறக்கம் பார்க்க மறுபடி ஏறியிருந்த இரண்டு பெண்களிடமும் இத்ரூஸ் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே மூன்றாவது வளைவுக்கு வந்தார். கண்ணாடியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. யாரோ கையை விட்டதுபோல வண்டி சட்டென்று இலகுவாகி, வேகமெடுத்தது.

அவர் கால் பிரேக்கில் விழுந்தது. வண்டி பிடித்தது; ஆனால் முழுப் பாரமும் இப்போது பிரேக்கில். நாலாவது வளைவில் கருகிய வாசனை. ஐந்தாவது வளைவில் ராமசாமியின் தேத்தண்ணிக் கடை. பக்கத்து மண்மேட்டோடு அணைத்து நிறுத்தினார். ரஜிதாவின் சிரிப்பு நின்றிருந்தது.

இறங்கி, முன்பக்கத்தைச் சும்மா சுற்றிப் பார்ப்பதுபோல நடந்தார். நடக்கும்போதே விளங்கிவிட்டது. பெட்டரி நிறைந்திருக்கிறது. மோட்டார் உண்டாக்கும் கரண்டுக்குப் போக இடமில்லை. பெட்டரியைக் காப்பாற்ற அதன் மூளை கதவைச் சாத்திவிட்டது. கீழே இன்னும் ஆறு கிலோமீட்டர். மெல்ல மெல்ல, வளைவுக்கு வளைவு நின்று பிரேக்கை ஆறவிட்டு, தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேன், மலையை ரசிக்க நிறுத்தினேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு ஓட்டிவிடலாம். பின்னாலிருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து எண்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும். ஹமீமாவின் பூச்செடி கண்ணில் வந்து போனது.

"என்னா நானா?" என்றார் சுந்தரம்மா. அந்தக் கேள்வியில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்ரூஸ் பின்பக்கம் வந்தார். "அக்கா, எறங்குங்க. பிழை என்னோடது. பெட்டரி நெறஞ்சிருக்கிறதால வண்டி தானா பிடிக்க மாட்டேங்குது. பிரேக்க மட்டும் நம்பி இப்புடியே எறக்க மாட்டேன்."

"நெறஞ்சிருக்கிறதாலயா? கொறஞ்சிருந்தாத்தானே நிக்கும்."

"பஸ் நெறஞ்சா ஹோல்ட்ல நிப்பாட்ட மாட்டானே அக்கா. அதுதான். கரண்ட் வழியில நின்னு கை காட்டுது. ஏத்த எடமில்ல."

பஸ் உதாரணம் அந்தப் பாதையில் யாருக்கும் இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை.

"அப்ப இப்ப என்னா செய்யணும்?" என்றாள் ரஜிதா.

"கொஞ்சம் கரண்ட்ட தீக்கணும்."

இந்த நாட்டில் மின்சாரம் இல்லாமல் தவித்தவர்களை எண்ண முடியாது. கையில் மின்சாரத்தை வைத்துக்கொண்டு, யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று தவித்த முதல் மனிதர் அநேகமாக இத்ரூஸாகத்தான் இருப்பார். வண்டிக்குள்ளேயே வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வேர்ட்டர் ஒன்று வைத்திருந்தார்; கரண்ட் போன வீடுகளில் காட்டிப் பெருமை பேசுவதற்கு. அதன் வயரை இழுத்துக்கொண்டு கடைக்குள் போனார்.

"அண்ணே, கரண்ட் வேணுமா? சும்மாதான் தாறேன்."

ராமசாமி பிளேன்டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கட்சி?"

"கட்சி ஒண்ணுமில்ல."

"அப்ப கம்பனியா? மொத மாசம் சும்மா, அடுத்த மாசத்துலருந்து பில்லு?"

"இல்லண்ணே, எனக்குக் கூடிப் போச்சு."

ராமசாமி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். மேலே தோட்டத்துத் துரைக்கே கூடிப்போனது என்று அவர் கேள்விப்பட்டதில்லை. "எங்கிட்ட கரண்ட் இருக்குங்க. போஸ்ட்டுலருந்து வருது."

சுந்தரம்மா வாசலில் வந்து நின்றார். "ராமசாமி அண்ணே, ஒங்க மக கொழும்புலருந்து அனுப்புன கரண்ட் கேத்தல் எங்க?"

கேத்தல் பெட்டியிலேயே இருந்தது. பில் ஏறும் என்று இரண்டு வருஷமாக அதைப் பிரித்ததில்லை. பெட்டி வந்தது. கேத்தல் வந்தது. தண்ணீர் கொதித்தது. இத்ரூஸ் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தார்: தொண்ணூற்றொன்பது.

"இன்னொண்ணு ஊத்துங்க."

அதற்குப் பிறகு நடந்ததை ஐந்தாவது வளைவு கொஞ்ச நாளைக்கு மறக்காது. பஸ்ஸுக்கு நின்ற கொழுந்து எடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேருக்கு இலவசத் தேத்தண்ணி. ரிவர்ஸ்டனில் பனி பார்த்துவிட்டு இறங்கிய ஒரு வேன் ஆட்களுக்கும் இலவசம். அவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, வாங்கும்போது கும்பிட்டார்கள். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்து, ஒரு மாதத்துச் சட்டைகளைத் தேய்க்கத் தொடங்கினாள். கேத்தலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் ஒன்றாக ஓடியபோது இன்வேர்ட்டர் முனகியது. ஆளுக்கு ஒரு முறை என்று ரஜிதா வரிசை வைத்தாள். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"தொண்ணூத்தாறு."

கைதட்டல்.

"தொண்ணூத்தஞ்சு."

இன்னும் கைதட்டல். கிரிக்கட்டில் ஓட்டம் ஏறினால் கைதட்டுவார்கள். குறையக் குறையக் கைதட்டிய கூட்டம் இதுதான். இத்ரூஸுக்கு வெட்கம் எப்போது போனது, குஷி எப்போது வந்தது என்று தெரியவில்லை. வேன் டிரைவர் தன் போனை, அது நிறைந்தே இருந்தும், ஒரு உதவிக்கென்று செருகினார். தொண்ணூற்றொன்றில் கொஞ்சம் இழுபறி. வயிற்றில் தேத்தண்ணிக்கு இடமில்லை என்று பலரும் கையை விரித்தார்கள். மனிதருக்குள்ளும் பெட்டரியின் சட்டம்தான். ராமசாமிதான் காப்பாற்றினார். வெந்நீரைப் பெரிய பானையில் ஊற்றி, ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டார்.

"எம்பத்தெட்டு" என்றாள் ரஜிதா.

"போதும்" என்றார் இத்ரூஸ். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். நல்ல வேளை, இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை.

பிரேக் ஆறியிருந்தது. தனியாக இரண்டு வளைவு இறக்கிப் பார்த்து, திரும்பி ஏறி வந்து, பிறகுதான் பெண்களை ஏறச் சொன்னார். முறுக்கைத் தளர்த்தினார். வண்டி பிடித்தது. அடுத்த வளைவிலும் பிடித்தது. மூன்று பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனார்கள். இரத்தோட்டை பஸ் நிலையத்தில் நின்றபோது அது தொண்ணூற்றைந்து காட்டியது.

சுந்தரம்மா இறங்கி, மேலே போகிற பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தோளில் போட்டார். இத்ரூஸ் ஹேண்டிலை விடவில்லை.

"நானா, நான் இந்த ரோட்டுல இருவது வருசமா போய் வாறேன்" என்றார் சுந்தரம்மா. "பிரேக் இல்லாம எறக்கினவன் இருக்கான். லைட் இல்லாம வந்தவன் இருக்கான். கேட்டா, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கம்பான். பிழை என்னோடது, எறங்குங்கன்னு சொன்னவன பாத்ததில்ல."

இத்ரூஸ் வாயைத் திறந்தார்.

"இருங்க. முடிக்கல்ல. மேல எங்க வீட்டுல வண்டிக்கு வயர் குடுக்க மாட்டோம். நீங்க கெஞ்சினாலும் குடுக்க மாட்டோம். எங்க வீட்டு ஆளுக்கு நான் சொல்லிக்கிறேன். திங்கக்கெழம ஆறு மணிக்கு நிக்கணும்."

ரஜிதா அப்போதே போனில் மேல்கணக்குக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். இத்ரூஸும் போனை எடுத்தார்.

"ஹமீமா, ஹயர் கெடச்சிரிச்சி."

மறுபக்கத்தில் மெஷின் சத்தம் நின்றது. "பெட்டரி எவ்வளவு இருக்கு?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்ப கெதியா வாங்க. இங்க கரண்ட் எப்ப போகுமோ தெரியா. அம்பத்தி ரெண்டு கவுன் தைக்க இருக்கு. பகலைக்கு ரோட்டுல ஓடட்டும், பின்னேரத்துக்கு என் மெஷினுக்கு வரட்டும்."

"அப்ப எப்ப சார்ஜ் ஏத்துற?"

"அது ஒங்கட வேலை" என்றாள் ஹமீமா. நாட்டின் மின்சாரத் திட்டங்களும் பெரும்பாலும் இதே வாக்கியத்தில்தான் முடிகின்றன.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு மேல்கணக்கில் பனி. நாலு பெண்பிள்ளைகளும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி ஏறினார்கள். அழகையா தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணாடியில் நாற்பத்தேழு.

முதல் வளைவில் நாற்பத்தேழு. மூன்றாவது வளைவில் நாற்பத்தெட்டு. சுந்தரம்மாவின் மகள் நிஷாந்தி, ஒன்பதாம் வகுப்பு, அதைக் கண்டுவிட்டாள்.

"அங்கிள், ஏறுது."

"ஏறும்."

"நாங்க எறங்க எறங்க அது ஏறுதா?"

நாலு தலையும் முன்னால் வந்தன. நாற்பத்தொன்பதுக்கு ஒரு கூச்சல். ஐம்பதுக்கு ஐந்தாவது வளைவில் ராமசாமியே கடைக்கு வெளியே வந்து பார்க்கும் அளவுக்குக் கூச்சல். இத்ரூஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கையால்தான், மற்றது ஹேண்டிலில்.

"அங்கிள், நாங்க இன்னும் பாரமா இருந்தா இன்னும் கூட ஏறுமா?"

"ஏறும். ஆனா பின்னேரம் ஒங்கள மேல ஏத்துறப்ப எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கும்."

நிஷாந்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். கணக்குப் பாடத்தில் அவ்வளவு யோசிப்பவள் அல்ல என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"அப்ப காலையில எல்லாப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாறோம்" என்றாள். "பின்னேரம் பள்ளிக்கூடத்துலயே வெச்சிட்டு வந்துருவோம்."

ஐம்பத்தொன்று.